சுவரிலிருந்து இறங்கியவர்

"இந்த மனுஷன் செத்தும் என் உயிரை வாங்குறார் சார்!"

கேமராமேன் சலித்துக்கொண்டார். செட்டின் ஹால் சுவரில், கதைப்படி இறந்துபோன கதாநாயகியின் அப்பா போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தார். கேமராவை எந்தப் பக்கம் வைத்தாலும் போட்டோக் கண்ணாடியில் வெளிச்சம் பட்டுக் கூசியது.

"கழட்டிடலாமே?" என்றார் டைரக்டர். அவர் இந்த சீரியலுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"போட்டோவைக் கழட்டினா மேடம் நம்மளைக் கழட்டி விட்டுடுவாங்க. ஹால் சீன்னா அவர் ஃப்ரேம்ல இருந்தே ஆகணும். கையில இருக்கிற பேப்பரைப் பாருங்க."

பார்த்தார். 'மகள் அழுகிறாள். பின்னால் அப்பா போட்டோ.' 'கூரியர்காரர் வருகிறார். பின்னால் அப்பா போட்டோ.'

"கூரியர்காரர் வர்றதுக்கு அப்பா எதுக்கு?"

"ராசியாம் சார்."

மேடம்தான் சீரியலை எழுதுகிறவர், தயாரிப்பாளரும் அவரே. யாரோ எழுதிய வசனத்தைப் படியெடுத்துக் கொடுக்கும் வேலையில் தொடங்கி, இன்று சொந்தக் கம்பெனி நடத்துகிறார். கை ரொம்ப இறுக்கம். ஆளுக்கு ஒரு டீக்கு மேல் கிடையாது. பழைய சீரியலின் திரைச்சீலையைத் துவைத்துப் புது சீரியலுக்கு மாட்டுவார். ஆனால், "ராசி, நேரமெல்லாம் என் வில்லிதான் பார்ப்பாள், நான் பார்க்க மாட்டேன்" என்று பேட்டி கொடுத்தவரும் அவர்தான்.

அதுதான் டைரக்டரைக் குடைந்தது.

"இந்த நடிகர் இப்போ எங்கே?"

கேமராமேன் குரலைத் தாழ்த்தினார். "போன வருஷம் செட்லயே சரிஞ்சு விழுந்தார். பக்கவாதம். ஆள் ஆஸ்பத்திரியில படுத்திருக்கார், மேடம் இங்கே உக்காந்து அவர் செத்துட்டதா சீன் எழுதுறாங்க. அந்த வாரம் ரேட்டிங் எங்கேயோ போயிடுச்சு. அதுலேர்ந்து போட்டோ இறங்கவே இல்ல."

டைரக்டர் போட்டோவை நிமிர்ந்து பார்த்தார். கதையில் கொன்றது போதாதென்று, அந்த முகத்தை வைத்து வியாபாரமா?

அவரே ஸ்டூல் போட்டு ஏறினார். போட்டோவைக் கழற்றினார். எங்கே வைப்பதென்று தெரியாமல், மேக்கப் அறையில் ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்தார். அன்றைய வேலை மளமளவென்று முடிந்தது.

அந்த எபிசோட் ஒளிபரப்பான மறுநாள் காலை, மேடம் செட்டுக்குள் வந்த வேகத்திலேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"போட்டோ எங்கே?"

"கண்ணாடி ரொம்பக் கூசிச்சு மேடம்..."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

டைரக்டருக்கு இது முதல் வேலை. வேலை கிடைத்த செய்தியை அம்மா இன்னும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லி முடிக்கவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டார்.

"படுத்துக் கிடக்கிறவர் முகத்தை வெச்சு ராசி பாக்குறது எனக்கு அசிங்கமாப் படுது மேடம்."



"அப்படியா? சரி. நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்."

அப்போது வாசலில் டாக்ஸி வந்து நின்றது. ஒரு பெரியவர் தடியை ஊன்றி, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து உள்ளே வந்தார்.

போட்டோவில் இருந்தவர். சிரிப்பு மட்டும் இப்போது ஒரு பக்கமாக இருந்தது.

அவர் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"என்ன சார் இது? சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே?" மேடத்தின் குரல் அப்படியே இறங்கிவிட்டது.

பெரியவருக்கு வாய் குழறியது. மனைவிதான் எடுத்துச் சொன்னார்.

"நேத்து எபிசோட்ல இவர் போட்டோ வரலைம்மா. வேலை செய்யாததுக்குச் சம்பளம் வேண்டாமாம். கொண்டு போய்க் குடுத்தாத்தான் ஆச்சுன்னு பிடிவாதம். இவர் இடத்துல வேற ஒருத்தரை நடிக்க வெச்சிருக்கலாம் நீங்க. அதைச் செய்யாம, இவரையே போட்டோவா மாட்டி, போட்டோ வந்தாலே நடிச்ச மாதிரிதான்னு சொல்லிச் சம்பளம் அனுப்புறீங்க. அதனாலதான் வாங்கிக்கிறார். சும்மா குடுத்தா தொடுற ஆளா இவர்?"

மேடம் கவரை அவர் பக்கம் தள்ளினார். பெரியவர் அதைத் திரும்பத் தள்ளினார்.

டைரக்டர்தான் முன்னால் வந்தார்.

"சார், நீங்க அன்னைக்கு வேலைக்கு வந்திருந்தீங்க. மேக்கப் ரூம்ல நாற்காலியிலதான் உக்காந்திருந்தீங்க. உங்க சீனை எடுக்காம விட்டது என் தப்பு. வரச் சொல்லிட்டு சீன் எடுக்கலைன்னாலும் முழுச் சம்பளம் உண்டு. உங்களுக்குத் தெரியாததா?"

பெரியவர் மேக்கப் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். நாற்காலியில் அவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

 பிறகு கவர் மெல்ல அவர் பைக்குள் திரும்பிப் போனது.

மேடம் டைரக்டரின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "நாளைக்கு ஹால் சீன். சீக்கிரம் வந்துடுங்க."

பெரியவர் மேடத்தின் பக்கம் திரும்பினார். மறுபடியும் குழறினார். இந்தத் தடவை யாரும் எடுத்துச் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது.

"நாள் பூரா உக்கார வெச்சீங்களே... ஒரு டீயாவது குடுத்தீங்களா?"