ஒரு வீட்டுக்கு மட்டும் ரொட்டி இல்லை

“எல்லா வீட்டுக்கும் கொடுங்க. அந்த ஸ்தாமென் வீட்டுக்கு மட்டும் வேண்டாம்” என்றாள் ஸ்லாதினா.

தேன் தடவிய ரொட்டித் தட்டோடு வாசலில் நின்ற அவள் கணவன் தோப்ரி தயங்கினான். “பாவம், ஒண்டிக்கட்டை. தேன் மணம் கீழ வரைக்கும் போகுமே.”

“போகட்டும். மோந்து பாத்துக்கட்டும்.”

மகள் வெலினாவுக்கு டான்சில் ஆபரேஷன். தலைநகர் சோஃபியாவில் சித்தி வீட்டிலேயே இரண்டு வாரம் வைத்திருந்து, புண் ஆறியபின் நேற்றுத்தான் ஊருக்கு அழைத்து வந்தார்கள். பிள்ளை குணமானால், அந்த ஊர் வழக்கப்படி, படிக்கட்டு நெடுக எல்லா வீட்டுக்கும் ரொட்டி கொடுக்காமல் இருப்பார்களா?

ஆறு வயசுப் பெண். மாதம் தவறாமல் காய்ச்சல். சூப்பைத் தவிர எதுவும் தொண்டையில் இறங்காது. பள்ளியில் மேசைமேல் தலை சாய்த்துத் தூங்கிவிடுவாள். ராத்திரியானால் குறட்டை, பெரிய ஆள் குறட்டை.

கீழ்வீட்டு ஸ்தாமென் கரண்டியை எடுத்துக் குழாயைத் தட்டுவார். குளிருக்கு வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய், எல்லா மாடிக்கும் ஒன்றுதான். அந்தக் கட்டடத்தில் கோபம் வந்தால் யாரும் படியேறிப் போவதில்லை, குழாயைத்தான் தட்டுவார்கள். பாட்டுச் சத்தமா, டங். புருஷன் பெண்டாட்டி சண்டையா, டங் டங்.

“குழந்தை குறட்டைக்குக்கூடவா தட்டுவான் ஒரு மனுஷன்!” என்று ஸ்லாதினா குமுறுவாள்.

ஒருநாள் காலையில் அவரே மேலே வந்தார். “உங்க பொண்ணு ராத்திரியில...” என்று ஆரம்பித்தார். முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

அப்புறம் சோஃபியா டாக்டர் சொன்னார்: “தூக்கத்துல இவளுக்கு மூச்சு நின்னு நின்னு வருதும்மா. நல்லவேளை, எப்படியோ ஒவ்வொரு தடவையும் முழிச்சிருக்கா.”



தோப்ரி ரொட்டித் தட்டோடு போன கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. ஸ்தாமென்தான். சவரம் செய்யாத முகம், காலில் வீட்டுச் செருப்பு.

“என்ன, தேன் மணம் இழுத்துட்டு வந்துடுச்சா?” என்றாள்.

அவர் ரொட்டியைப் பார்க்கவே இல்லை.

“ரெண்டு வாரமா மேல ஒரு சத்தமும் இல்ல. இப்ப ரொட்டி வேற கொடுக்கறீங்க. செத்தவங்களுக்கும் இப்படித்தானே கொடுப்போம்... எதுக்குன்னு யார்கிட்டயும் கேக்க தைரியம் வரலம்மா.”

அம்மாவின் பின்னாலிருந்து வெலினா எட்டிப் பார்த்தாள். கையில் ரொட்டியின் முறுகலான ஓரம். வாயை மூடிக்கொண்டு, மூக்கால் மூச்சுவிட்டபடி, நன்றாக மென்றுகொண்டிருந்தாள்.

ஸ்தாமென் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“ஆபரேஷன் ஆச்சு. நேத்து ராத்திரி பூனைக்குட்டி மாதிரி தூங்கினா” என்றாள் ஸ்லாதினா. குரலில் சூடு குறையவில்லை. “இனிமே குறட்டை கிடையாது. கரண்டியைக் கழுவி உள்ள வெச்சுடுங்க.”

“குறட்டைக்கு நான் தட்டினதே இல்லம்மா. அது கேட்டுட்டே இருந்தா நானும் தூங்கிடுவேன்” என்றார் அவர் மெல்ல. “நடுவுல சட்டுனு நிக்கும் பாருங்க... அப்பதான் எழுந்து தட்டுவேன். மறுபடி கேக்கற வரைக்கும்.”