ஹேஸ்டிங்ஸிலிருந்து ஹாங்க்

"அடுத்து லைன்ல யாரு?" என்றான் கர்ட்டிஸ், வானொலி மைக்கில்.

"ஹேஸ்டிங்ஸ்லேர்ந்து ஹாங்க். நம்ம காலேஜ் ஃபுட்பால் டீம் அடுத்த சீசனும் உருப்படாது, தம்பி. பந்தை அணைச்சுக்கிட்டு ஓடி வர்றவனைத் தடுக்க ஒருத்தன் இல்ல. கதவைத் திறந்துபோட்ட மாட்டுக் கொட்டகை மாதிரி இருக்கு."

"புதுசா ரெண்டு தடியனுங்களைச் சேர்த்திருக்காங்க, பெரியவரே. அடுத்த வருஷம் பாருங்க, ஒருத்தனும் தாண்ட முடியாது."

"தடியா இருந்தா போதுமா? குனிஞ்சு மறிக்கத் தெரியணும். உனக்கு ஆட்டமே தெரியல."

"நாளைக்குக் கூப்பிடுங்க. கணக்கோட வர்றேன்."

"வா, பாக்கலாம்." ஹாங்க் போனை வைத்துவிட்டார்.

விளம்பரம் ஓடத் தொடங்கியதும் தயாரிப்பாளர் லோரி அலுத்துக்கொண்டாள். "தினமும் இதே ஆளு. அவர் சொல்றது சரின்னு உனக்கே தெரியும். ஒத்துக்கிட்டுத் தொலையேன்."

"ஒத்துக்கிட்டா நாளைக்குக் கூப்பிட மாட்டாரு."

"கூப்பிடலன்னா நிம்மதி."

கர்ட்டிஸ் ஹெட்போனைக் கழற்றவில்லை.

"அம்மாவைப் புதைச்ச அன்னிக்குச் சண்டை போட்டுட்டுப் போனவரு, லோரி. ஆறு வருஷமா நான் போன் பண்ணா எடுக்கறதில்ல. பேரை மாத்திச் சொன்னா எங்கப்பா குரல் எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிட்டிருக்காரு."