முன்னால் போன பின்விளக்கு

"மைனஸ் இருபத்திரெண்டு! இந்தக் குளிர்ல நாய்கூட வாசல் தாண்ட மாட்டேங்குது. நீ என்னடான்னா சைக்கிளைத் தூக்கறே!"

"நாய்க்கா இன்னிக்கு எடை பாக்கப் போறாங்க, மர்கெட்டா? எனக்குல்ல பாக்கறாங்க!"

காலை ஆறரை மணி. பிப்ரவரியில், வடதுருவத்தை நெருங்கிய ஓலு நகரத்துக்கு அது இன்னும் ராத்திரிதான். யோர்மா மூன்றாவது கால்சட்டையை இரண்டாவதன் மேல் இழுத்துக்கொண்டிருந்தார்.

அக்டோபரில் அவர் தொண்ணூற்றெட்டு கிலோ. பிப்ரவரி மருத்துவப் பரிசோதனைக்குள் தொண்ணூறுக்குக் கீழே இறங்காவிட்டால், மனைவி மர்கெட்டா போகும் நீச்சல்குள உடற்பயிற்சி வகுப்பில் அவரும் சேர வேண்டும். வீட்டில் கைகொடுத்துப் போட்ட ஒப்பந்தம். அங்கே பதினேழு பெண்கள். எல்லார் தலையிலும் பூப்போட்ட ரப்பர் தொப்பி. அதில் மூன்று பேர் மர்கெட்டாவின் அக்காக்கள்.

"அந்தத் தொப்பிய மாட்டிக்கிட்டு உங்க அக்காங்களோட தண்ணியில குதிக்கறதுக்கு, நான் பனியில விறைச்சே போயிடுவேன்."

"போன வருஷம் முதல் பனி விழுந்த அன்னிக்கே பஸ் பாஸ் வாங்கின ஆளு நீ! இந்த வருஷம் மட்டும் எங்கேர்ந்துய்யா வந்துச்சு வீரம்?"

யோர்மா குரலைத் தாழ்த்தினார். "எல்லாம் அந்த ஆளாலதான்."

"எந்த ஆளு?"

"தினமும் எனக்கு முன்னால ஒரு பின்விளக்கு போகுது. கரடி மாதிரி மூடிக்கிட்டு ஒருத்தன். நவம்பர்லேர்ந்து துரத்தறேன், முந்தவே முடியல."

"அவன் பாட்டுக்கு வேலைக்குப் போறான். உனக்கென்ன?"

"சும்மா போகல! பாலத்துக்கிட்ட வந்ததும் திரும்பி என்னைப் பாக்கறான். பாத்துட்டு இன்னும் வேகமா மிதிக்கறான். சவால் விடறான்டி! நேத்து வழியக்கூட மாத்திப் பாத்தான், சர்ச் பக்கமாச் சுத்திக்கிட்டு. நான் விடுவேனா? மூணு தடவ பெல் அடிச்சு, 'நில்லு பாப்போம்!'னு கத்தினேன். பறந்துட்டான். சரியான வீரன்."

"ரெண்டு பைத்தியம்" என்று மர்கெட்டா காபியை ஊற்றினாள். "எண்பத்தொன்பது இல்லேன்னா, தொப்பி ரெடியா இருக்கு. மஞ்சப் பூ போட்டது."

யோர்மா கறுப்புக் குரங்குக் குல்லாவைக் கண் மட்டும் தெரிய இழுத்துவிட்டுக்கொண்டு, ஆணி பதித்த டயர் பனியில் நறநறக்கக் கிளம்பினார். அன்றும் பெல் அடித்தார், கத்தினார். அன்றும் பின்விளக்கு பறந்துவிட்டது.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் எடை மேடையில் ஏறி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"எண்பத்தெட்டரை!" என்றார் நர்ஸ் இர்மேலி. புதிதாக வந்தவர், ஐம்பது வயதுக்குச் சிக்கென்று இருந்தார். "பிரமாதம் போங்க! குளிர்காலத்துல பத்து கிலோ யாரு குறைக்கறாங்க?"

யோர்மாவுக்கு நெஞ்சு விம்மியது. மஞ்சள் பூத் தொப்பி ஒழிந்தது! "சைக்கிள்தான், சிஸ்டர். பனியோ காத்தோ, ஒரு நாள் விட்டதில்ல."

"நானும் சைக்கிள்தாங்க. ஒன்பது கிலோ குறைஞ்சிருக்கேன்."

"அடடே! உங்களுக்கு எப்படி தினமும் மனசு வருது?"

"மனசாவது, ஒண்ணாவது! உயிர்பயம்! நவம்பர்லேர்ந்து ஒரு கிறுக்கன் என்னைத் துரத்தறாங்க. மூஞ்சி முழுக்கக் கறுப்புக் குரங்குக் குல்லா. பாலத்துக்கிட்ட திரும்பிப் பாத்தா, பின்னாலயே வர்றான். வழிய மாத்தினாலும் வர்றான். இன்னிக்குக்கூட மூணு தடவ பெல் அடிச்சு, 'நில்லு பாப்போம்'னு கத்தறான்!"

யோர்மா கையில் இருந்த குல்லாவை மெதுவாகச் சட்டைக்குள் திணித்தார்.

"என் இடுப்பு குறைஞ்சதுக்கு அவனுக்கு ஒரு நன்றி சொல்லணும்" என்று இர்மேலி சிரித்தார். "சொல்லிட்டுத்தான் பிடிச்சுக் குடுக்கணும். நாளைக்குக் காலைல பாலத்துக்கிட்ட ரெண்டு போலீஸ் நிக்கப் போறாங்க. சரி, உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?"

யோர்மா சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார்.

"சிஸ்டர்... நம்ம ஊர் நீச்சல்குள உடற்பயிற்சி வகுப்புல, நாளைக்குக் காலைலேர்ந்தே சேர்த்துக்குவாங்களா?"

(யோர்மா அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கணுமா, இல்லை, மஞ்சப் பூத் தொப்பிதான் சரியா? உங்க பதிலை அவசியம் எழுதுங்க.)