மாமனாரின் கைராசி

"பார்த்தியா? உங்க அத்தை கால்ல இருந்த தடிப்பு ஒரே வாரத்துல போயே போச்சு!"

மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் அரைக்கும் பச்சிலை விழுதுக்கு அக்கம்பக்கத்தில் கிராக்கி வேறு கூடிவிட்டது.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மருமகளுக்கு மட்டும் எங்கேயோ இடித்தது. வெறும் இலைக்கு இவ்வளவு வேகமா? குப்பைக்கூடையைக் கிளறினாள். கசக்கிப் பிழிந்த ஸ்டீராய்டு களிம்பு ட்யூப் ஒன்று சிக்கியது.

"அத்தை, மாமா விழுதுல இதைக் கலந்து ஊரையே ஏமாத்துறார்!"

மாமியார் பதறிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"மெதுவா பேசு. அது டாக்டர் எனக்குக் கொடுத்தது. உங்க மாமா தலை மறைஞ்சதும் விழுதைக் கழுவிட்டு, இதைத்தான் தடவிக்கிறேன்."

"அதை அவர்கிட்டயே சொன்னா என்ன?"

"எப்படிம்மா சொல்வேன்? மூட்டுவலிக்குன்னு அவர் ஆசையா பூசிவிட்ட விழுதாலதான் அந்தத் தடிப்பே வந்துச்சு!"