சானமாவில் மறையும் பாதை

"எவனோ மறுபடியும் அழிச்சுட்டான் அஸ்வின்! அவன் கையை ஒடிக்கணும்."

லாவண்யா கத்தியதில் பக்கத்து சீட் அஸ்வின் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான்.

2009-இல் ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்கு பைக்கில் வரும் ஆட்களுக்குக் குறுக்குவழி காட்டும் மேப் தயாரிப்பது லாவண்யாவின் வேலை. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் ஓர் இலவச மேப் இருக்கிறது. அந்தத் தகவலை இறக்கி, 'ஆர்' என்ற புள்ளியியல் நிரல்மொழியில் ஓடவிட்டால் கோடு கோடாகப் படம் விழும்.

சானமாவுக் காட்டுக்குள் போகும் பாதை மட்டும் நிற்கவே மாட்டேன் என்றது. அவள் வரைந்து வைப்பாள், அடுத்த நாள் காணாமல் போயிருக்கும்.

"திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டுல ஒட்டணும். காட்டுக்கு அந்தப் பக்கம் வாடகை கம்மின்னு தங்கியிருக்கிறவங்களுக்கு இந்த வழி தெரிஞ்சா போதும், டைம் ஆபீஸ் பரமசிவம் சாருக்கு வேலையே இருக்காது."

பரமசிவத்தைச் சபிக்காத தொழிலாளி கிடையாது. ஒரு நிமிடம் பிந்தினாலும் வருகைக் கார்டில் சிவப்புப் பேனாவால் சுழித்துவிடுவார். மூன்று சுழி சேர்ந்தால் அரைநாள் சம்பளம் காலி. மனுஷனுக்கு ஈரமே கிடையாது என்பது கேன்டீன் முடிவு.

"யாரு அழிக்கிறான்னு பாத்துடறேன். யார் எப்போ திருத்தினாங்கங்கிற விவரமும் இலவசம்தானே."

இறக்கி ஓடவிட்டாள். திரையில் ஒரே ஒரு பெயர் வந்தது. மணிவேல்.

அஸ்வின் முகம் வெளுத்துவிட்டது.

"நம்ம கம்பெனி பெயின்ட் ஷாப்புல இருந்த மணிவேலா? அவரு செத்துட்டாரு லாவண்யா. நீ சேர்றதுக்கு முன்னாடியே. இதே பாதையிலதான், யானை மிதிச்சு."

"பயமுறுத்தாதே. அழிச்சது நேத்து."

திருத்தங்களை மாதவாரியாகப் பிரித்துப் படம் போட்டாள். ஒவ்வொரு வருஷமும் மழை முடிகிற சமயத்தில் பாதை அழிகிறது. பனிக்காலம் போனதும் அதே பாதை திரும்ப வருகிறது. எல்லாம் மணிவேல் பெயரில், அவர் செத்த பிறகும்.

அஸ்வினுக்குக் கர்நாடக எல்லையோரத் தளி சொந்த ஊர். மெல்லச் சொன்னான்.

"அழியறது, கர்நாடகாவுலேர்ந்து யானைக் கூட்டம் இங்க வர்ற மாசம். அதுங்க திரும்பிப் போனதும் பாதை வந்துடுது."

லாவண்யாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வீம்புக்குப் பாதையை மறுபடி வரைந்து சேமித்தாள்.

சிறிது நேரத்தில் அந்த இணையதளத்திலேயே அவளுக்கு ஒரு செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

"வேண்டாம்மா. வந்துட்டாங்க."

அனுப்பியவர்: மணிவேல்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். யார் என்ன திட்டினாலும் சரி, அந்தப் பாதை போர்டுக்குப் போகக்கூடாது. அதை நம்பித் திங்கட்கிழமை எவனாவது காட்டுக்குள் வண்டியை விட்டால்? நேராக டைம் ஆபீசுக்கு ஓடினாள்.

பரமசிவம் போனில் இருந்தார்.

"சரி ராமப்பா, கூட்டத்துல குட்டியும் இருக்கா? காட்டுப் பக்கம் பாத்து இருங்க."

போனை வைத்துவிட்டு மவுஸைப் பிடித்தார். அவர் திரையில் அதே மேப். மேல் ஓரத்தில் மணிவேல் என்ற பெயர். லாவண்யா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் வரைந்த பாதை மறைந்தது.

"சார்... நீங்களா?"

அவர் திரும்பவில்லை.

"புதுசா வர்ற தெற்கத்திப் பசங்க இந்த மேப்பை பிரிண்ட் எடுத்துக்கிட்டுத்தான் வழி தேடறாங்கம்மா. யானைங்க போற வரைக்கும் அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு லேட் மார்க் கிடையாது. மெயின் ரோட்டுல சுத்திக்கிட்டே வரட்டும்."

"மணிவேல் பேர்ல எப்படி சார்?"

சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இந்த கம்ப்யூட்டர்ல அவன் திறந்து வச்ச கணக்கு, நான் இன்னும் மூடலை. மூணாவது சுழி விழுந்த அன்னைக்கு, இதோ இந்த நாற்காலியிலதான் உக்காந்து அந்தப் பாதையை வரைஞ்சு காட்டினான். 'குறுக்குவழி கண்டுபிடிச்சுட்டேன், இனிமே லேட்டே ஆவாது சார்'னு சிரிச்சான்."