பதினாலாவது நிமிடம்

"ரொட்டி தீர்ந்துபோச்சு," என்றாள் போஷெனா.

அவள் முதுகுக்குப் பின்னால் நாலு தட்டு நிறைய ரொட்டி இருந்தது. இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

டாமிர் ஷோஷ்டரிச் ரொட்டியைப் பார்த்தார். அவளையும் பார்த்தார். ஊர்க் கால்பந்து அணியின் கோச் அவர். கிளப்புக்குப் போகும் வழியில் அரைக் கிலோ மக்காச்சோள ரொட்டி வாங்காத நாள் கிடையாது.

"சரி, நாளைக்கு வர்றேன்."

"நாளைக்கும் இருக்காது."

வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேரில் ஒருவர்கூட அவருக்குப் பரிந்து பேசவில்லை. எப்படிப் பேசுவார்கள்? முந்தின நாள் ஆட்டத்தை ஊரே பார்த்திருந்தது.

போஷெனாவின் மகன் லோவ்ரோவுக்கு இருபது வயது. நடுக்களத்தில் ஆடுகிறவன், எட்டாம் எண் சட்டை. அவனைப் பார்ப்பதற்கென்றே தலைநகர் ஸாக்ரெபிலிருந்து ஒரு பெரிய கிளப்பின் ஆள் வந்திருந்தார். போஷெனா புதுக் கோட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பதினாலாவது நிமிடம், மைதான ஓரத்தில் ஆள் மாற்றும் பலகை உயர்ந்தது. அதில் சிவப்பில் எட்டு.

லோவ்ரோவுக்கு அடிபடவில்லை. மோசமாகவும் ஆடவில்லை. ஒரு தடவை எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தான். நடுவர் அட்டை காட்டாமல் வாயால் கண்டித்து அனுப்பினார், அவ்வளவுதான். இடைவேளைக்கு முன்னால் ஒருவனை வெளியே எடுப்பது, நாலு பேர் நடுவில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். கூட்டம் டாமிரைப் பார்த்து ஊளையிட்டது. ஸாக்ரெப் ஆள் குறிப்பேட்டை மூடிப் பையில் வைத்ததைப் போஷெனா கண்ணால் பார்த்தாள். உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள்.

டாமிர் கடையை விட்டுப் போனதும் வரிசையில் நின்ற ஓய்வுபெற்ற தபால்காரர் ஷ்டெஃப் ஆரம்பித்தார். இதே டாமிர் ஒரு காலத்தில் இதே எட்டாம் எண் சட்டையில் ஆடியவர்தான். ஜெர்மனிக்குப் போகப்போகிறார் என்று பத்திரிகையிலெல்லாம் வந்தது. இருபத்திமூன்று வயதில் திடீரென்று நின்றுவிட்டார். முழங்கால் என்றார்கள். பத்து வருஷம் ஆஸ்திரியாவில் கட்டட வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்துதான் கோச் ஆனார்.

"எல்லாம் வயித்தெரிச்சல்மா," என்றார் ஷ்டெஃப். "தனக்குக் கிடைக்காதது அடுத்தவனுக்குக் கிடைச்சா அந்த மனுஷனுக்குத் தூக்கம் வருமா?"

அவர் சொன்னது போஷெனாவுக்கு ஆறுதலாக இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மதியத்துக்குள் அவளே இருபது பேரிடம் சொல்லி முடித்திருந்தாள்.

மதியம் லோவ்ரோ சாப்பிட வந்தான். இறைச்சி வைத்த புரெக் துண்டு ஒன்றைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, காலையில் கோச்சுக்கு ரொட்டி இல்லையென்று திருப்பி அனுப்பிய கதையைப் பெருமையாகச் சொன்னாள். அவன் கையில் எடுத்ததை அப்படியே தட்டில் வைத்தான்.

"அவரு என்ன சொன்னாரும்மா?"

"என்ன சொல்றதுக்கு இருக்கு? தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டாரு."

லோவ்ரோ எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினான்.

"அம்மா, நேத்து இடைவேளைக்குள்ள நான் ஒரு மஞ்சள் அட்டை வாங்கறதா ஒத்துக்கிட்டிருந்தேன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவன் விளக்கினான். பேருந்து நிலையத்துப் பந்தயக் கடையில் சுற்றும் ஒருவன் தேடி வந்தானாம். அணி தோற்க வேண்டாம், யாருக்கும் காயம் வேண்டாம், முதல் பாதியில் ஒரே ஒரு மஞ்சள் அட்டை போதும், அதன்மேல்தான் பந்தயம் என்றானாம். எல்லா ஆட்டத்திலும் யாராவது வாங்குவதுதானே என்று இவனும் பணத்துக்குக் கை நீட்டிவிட்டான். அந்தப் பணத்தை நேற்று மாலையே திருப்பிக் கொடுத்துவிட்டானாம்.

போஷெனா மாவு மூட்டைமேல் உட்கார்ந்தாள். காலையில் தன் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் அவளைச் சுட்டது.

"இது கோச்சுக்கு எப்படிடா தெரியும்?"

"என் புத்திசாலித்தனம்தான். ஞாயித்துக்கிழமை நடுவர் யாரு, சட்டுனு அட்டையைத் தூக்கற ஆளான்னு வெள்ளிக்கிழமை அவர்கிட்டயே போய்க் கேட்டேன். பேரை மட்டும் சொல்லிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாரு. நான் மனசு மாறிடுவேன்னு நினைச்சிருப்பாரு போல. நேத்து நான் அந்தச் சட்டையைப் பிடிச்சு இழுத்ததும் எந்திரிச்சிட்டாரு."

"ஊரே ஏசுதே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நான் இனிமே எங்கயும் ஆட முடியாதும்மா. தடை போட்டுடுவாங்க."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ஏன் எடுத்தீங்கன்னு நானும் அவர்மேல கத்தினேன். ஆட்டத்திலேர்ந்து கண்ணை எடுக்காம மெதுவாச் சொன்னாரு: 'இருபத்திமூணு வயசுல நான் கை நீட்டினப்போ, என்னை யாரும் வெளியே எடுக்கலை.'"