பீரோக் கதவில் ஒரு றெக்கை

ஷெட்டில் நின்ற பழைய காருக்கு ரேஸ் கார் ஆகும் ஆசை வந்தது. உடைந்த பீரோவின் கதவை வெட்டி முதுகில் றெக்கையாக மாட்டிக்கொண்டது. ஓட்டை ஆட்டோவின் மட்கார்டைத் தட்டி நிமிர்த்தி முன்னால் வைத்துக்கொண்டது.

“எனக்குக் கொஞ்சம் ஆயில் ஊத்தேன்” என்றது எஞ்சின்.

“பானெட்டைத் திறந்து உன்னை எவன் பார்க்கப்போறான்? முதல்ல பெயின்ட் காயட்டும்.”

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, கார் ஜம்மென்று கிளம்பியது. பைபாஸ் ஏறியதும் எஞ்சின் இருமியது, புகைந்தது, அடங்கிப்போனது.

அந்த வழியாக வந்த லாரி மனமிரங்கி, கயிறு கட்டி இழுத்துப்போனது. புளியமரங்கள் சரசரவென்று பின்னால் ஓடின. ஆயுசில் இப்படி ஒரு வேகத்தைக் கார் கண்டதில்லை.

“பார்த்தியா, றெக்கை வேலை செய்யுது” என்று எஞ்சினிடம் சொல்லிவிட்டு, முன்னால் போன லாரியைப் பார்த்து ஹாரன் அடித்தது.

“அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க.”